புள்ளிராஜாவின் மனைவி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழகத்துச் சாலைகளில் பயணம் செய்தோர் ஒரு கேள்வியை மறந்திருக்க முடியாது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்பதே அது. விளம்பரப் பலகைகளில் அக்கேள்வி பெரிய எழுத்துகளில் நின்றது. யார் இந்தப் புள்ளிராஜா என்று மக்கள் தமக்குள் கேட்டுக்கொண்டனர். தேநீர்க் கடைகளில் அது வேடிக்கைப் பேச்சானது. இத்தகைய செய்திகளைப் பற்றிப் பொதுவிடத்தில் வாய்திறக்கக் கூசிய ஒரு சமுதாயம், கற்பனை மனிதன் ஒருவனின் பெயரைச் சாக்கிட்டு அவற்றைப் பேசத் தொடங்கியது. விளம்பரக் கலையின் அளவுகோலால் அளந்தால் அது பெரும் வெற்றியே. அதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இலக்கியம் பயில்வோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாக்கியம் எதைச் சொல்கிறது என்று பார்ப்பதோடு அவர்கள் நிறைவடைவதில்லை. எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் நோக்குவர். அந்தப் பழக்கத்தோடு புள்ளிராஜாவை மீண்டும் படித்துப் பார்க்கலாம். 'புள்ளி' என்ற சொல்லில் 'பெரும்புள்ளி' என்னும் வழக்கின் சாயல் இருக்கிறது. 'ராஜா' என்பதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. ஊரில் நாலு பேர் அறிந்த ஆண்மகன் ஒருவன் நம் கண்முன் வந்து நிற்கிறான். வாக்கியத்தின் வினை 'வருமா' என்பது. நோய் எங்கிருந்தோ அவனிடம் வரும் என்பது பொருள். அவனிடமிருந்து அது யாரிடம் போகும் என்று அந்த வாக்கியம் கேட்கவில்லை. புள்ளிராஜாவுக்கு ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டில் அவனுக்குச் சோறிட்டு, அவன் சட்டையைத் துவைத்து, அவன் பிள்ளையை வயிற்றில் சுமந்த ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கு அந்தப் பலகையில் இடம் இல்லை.

எய்ட்ஸ் பற்றித் தமிழில் நாம் வழங்கிய சொற்களும் காட்டிய காட்சிகளும் அவளை எவ்வாறு எழுதின, அவளைப் போன்ற பெண்கள் ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட குழுக்கள் அவ்வெழுத்தை எவ்வாறு திருத்தின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த ஆய்வில் நம்மையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

இரு சொற்றொடர்கள்

புள்ளிராஜாவுக்கு முன்னரே இரு சொற்றொடர்கள் நம் சுவர்களில் இடம் பிடித்திருந்தன. ஒன்று, 'உயிர்க்கொல்லி நோய்'. மற்றொன்று, 'ஒருவனுக்கு ஒருத்தி'.

முதலாவது, அச்சத்தை விளைவிப்பதற்கென்றே செய்யப்பட்ட தொடர். நோயைத் தடுக்க அச்சம் உதவும் என்று அதைப் படைத்தோர் நம்பினர். ஆனால் சுவரில் எழுதப்படும் எதையும் நோயற்றவர் மட்டும் படிப்பதில்லை, நோயுற்றவரும் படிக்கிறார். மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், தன் இரத்தத்தில் கிருமி இருப்பதை முந்தின நாள்தான் அறிந்த ஒரு பெண் அச்சுவரைக் கடந்து போகிறாள். 'கொல்லி' என்ற சொல் அவளிடம் என்ன சொல்லியிருக்கும்? நீ இறந்துவிட்டாய், இனி நடமாடுவது கணக்கில் சேராது என்றுதான் சொல்லியிருக்கும். அண்டை வீட்டாரிடமோ, அவளை நெருங்காதே என்று சொல்லியிருக்கும்.

இரண்டாவது தொடர் நம் பண்பாட்டின் உயர்ந்த அறங்களுள் ஒன்று. திருமண வாழ்வில் உண்மையாயிருத்தலைத் திருச்சபையும் போற்றுகிறது, நாமும் போற்றுகிறோம். குறை அந்த அறத்தில் இல்லை. அதை நோய்த்தடுப்பு முழக்கமாக மாற்றியதில் இருக்கிறது. இருவர் காக்க வேண்டிய வாக்கு அது. ஒருவர் மட்டும் காத்தால் அது மருந்தாவதில்லை. தமிழகத்தில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் மணமான பெண்களுள் மிகப் பலர் ஒருவனுக்கு ஒருத்தியாகவே வாழ்ந்தவர்கள்; கணவரிடமிருந்தே தொற்றைப் பெற்றவர்கள். அவர்களைப் பொறுத்தவரை அம்முழக்கம் காக்கத் தவறியது மட்டுமன்று, குற்றம் சாட்டவும் செய்தது. 'ஒழுக்கமாயிருந்தால் வராது' என்று சுவர் சொல்கிறது, அவளுக்கு வந்திருக்கிறது, ஆகவே அவள் ஒழுக்கமற்றவள் என்று தெரு முடிவு செய்கிறது. இறந்த மகனைப் பற்றி எதுவும் கேட்காத மாமியார், மருமகளைப் பார்த்து, 'நீதான் கொண்டுவந்தாய்' என்று சொல்ல அம்முழக்கம் இடம் கொடுத்தது. அளவைநூலார் இதைப் போலி வாதம் என்பர். ஆனால் அந்தப் போலி வாதத்தால் வீட்டை இழந்த கைம்பெண்கள் எத்தனையோ பேர்.

திரையில் கண்டவை

திரைப்படக் கலை இவளை எப்படிக் காட்டியது? இரண்டு படங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2007-இல் தமிழில் வெளிவந்த 'மிருகம்', ஊரையே அச்சுறுத்தித் தன் இச்சைப்படி வாழ்ந்த ஒரு கிராமத்து மனிதன் எய்ட்ஸ் நோயால் உருக்குலைந்து சாவதைக் காட்டியது. அவனால் கொடுமைப்படுத்தப்பட்ட மனைவியே இறுதியில் அவனைப் பேணுகிறாள். அப்பெண்ணாக நடித்த பத்மப்ரியாவின் நடிப்பு போற்றத்தக்கது. ஆனால் படம் தன் பெயரை எங்கிருந்து எடுத்தது என்பதை நோக்குக. கதை அவனுடையது, தண்டனை அவனுடையது, அவளுடைய பொறுமை அந்தத் தண்டனைக்கு ஓர் ஓரச் சித்திரம். ஊர் ஒதுக்கிய ஒருவனைத் தொட்டுத் தூக்கும் அந்தக் கைகளின் சொந்தக்காரி தன்னைப் பற்றி என்ன எண்ணினாள், யாரிடம் சொல்லி அழுதாள் என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

மற்றொன்று 2004-இல் நடிகை ரேவதி இயக்கிய 'ஃபிர் மிலேங்கே' என்னும் இந்திப் படம். அது இவ்வகையில் ஒரு படி முன்னே சென்றது. விளம்பர நிறுவனம் ஒன்றில் உயர்பணியிலிருக்கும் இளம்பெண், தங்கைக்கு இரத்தம் கொடுக்க முன்வரும்போது தனக்குத் தொற்று இருப்பதை அறிகிறாள். செய்தி தெரிந்து நிறுவனம் அவளை வேலையிலிருந்து நீக்குகிறது. அவள் வழக்காடி வெல்கிறாள். இங்கே பெண்தான் கதையின் நடுநாயகம். அவள் இறப்பதில்லை, வேலை செய்து வாழ்கிறாள். பெண்மணி ஒருவர் அக்காலத்திலேயே இத்தகைய படத்தை எடுத்தமைக்கு நாம் பெருமை கொள்ளலாம்.

எனினும் அப்படத்திலும் ஓர் இடைவெளி தென்படுகிறது. அவளுக்குத் துணையாக மருத்துவர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், தங்கை இருக்கிறாள். அவளைப் போன்ற இன்னொரு பெண் மட்டும் இல்லை. அறிவால் உதவுவோர் உண்டு. அன்பால் உதவுவோரும் உண்டு. 'எனக்கும் இதுதான்' என்று சொல்ல ஒருத்தி இல்லை. நீதிமன்றக் கூண்டில் தனியே நிற்கும் பெண் நாடகத்துக்கு ஏற்ற உருவம்தான். வாழ்வில் இத்தொற்றைப் பெற்ற பெண்கள் மீண்டெழுந்தது பெரும்பாலும் வேறு விதமாக நடந்தது. ஒரு சிறிய அறையில், தரையில் விரித்த பாயில், வட்டமாக அமர்ந்து அவர்கள் எழுந்தனர்.

பாயில் அமர்ந்தோர்

இந்த வட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயுற்றோர் சிலர், தம்மைப் 'பலியானோர்' என்று எவரும் அழைக்கலாகாது என்று அறிக்கை வெளியிட்டனர். தமக்குரிய பெயரைத் தாமே இட்டுக்கொள்ளும் உரிமையை அவர்கள் முதலில் கேட்டார்கள் என்பது இலக்கிய அன்பர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1987-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த நோரீன் கலீபா, அதே துயரில் இருந்த சிலரோடு சேர்ந்து 'டாசோ' என்னும் ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். 1992-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டின்போது, தொற்றுடன் வாழும் பெண்கள் தங்களுக்கென உலகளாவிய ஓர் இணையத்தை அமைத்தனர். மாநாட்டு அரங்குகளில் பெண்களைப் பற்றிப் பேசியோர் பலர்; அப்பெண்களே பேசியது அரிது என்பதே அதற்குக் காரணம்.

தமிழகத்தில் அது 1998-இல் நிகழ்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பு உருவாயிற்று. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா அதன் தோற்றத்துக்கு முதன்மையானவர். தம் திருமணத்தின் வழியே தொற்றைப் பெற்று, முகத்தை மறைக்காமல், சொந்தப் பெயரோடு அதைப் பொதுமேடையில் சொன்னவர் அவர். எச்.ஐ.வி. உள்ளோருக்கான அமைப்புகள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றில் ஆண்களே மிகுதி. கூட்டங்களில் பெண்கள் வாய்திறப்பது எளிதாயிருக்கவில்லை. கணவன் இறந்ததும் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டவளின் சிக்கல் வேறு. பால் கொடுக்கலாமா என்று தவிக்கும் இளந்தாயின் சிக்கல் வேறு. அவற்றைப் பெண்கள் முன்னிலையில்தான் பேச முடியும்.

தமிழ்ப் பெண்களுக்குச் சுய உதவிக் குழு என்பது புதியதன்று. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அவ்வியக்கம் ஊர்தோறும் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒன்றுகூடுவர், சேமிப்புப் போடுவர், கடன் பெறுவர், பேரேட்டில் கையெழுத்திடுவர். அக்குழுவின் வலிமை வெளிப்படைத்தன்மையில் இருக்கிறது. யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தொற்றுடன் வாழும் பெண்களின் குழுவோ கதவைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குகிறது. இங்கே பேசப்படுவது இங்கேயே நிற்கும் என்பதே அதன் முதல் விதி. சாத்திய கதவும் திறந்த வாயும் சேர்ந்தால்தான் அக்குழு உண்டு. ஒன்று பிறழ்ந்தாலும் அது கலைந்துவிடும்.

அங்கே என்னதான் பேசுகிறார்கள்? அழுகையும் புலம்பலும் மட்டுமே இருக்கும் என்று வெளியிலிருந்து நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பகுதி நடைமுறைப் பேச்சுதான். கூட்டு மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் வரும் தலைச்சுற்றலை எப்படிச் சமாளிப்பது, மாத்திரைக் குப்பியை மாமியார் கண்ணில் படாமல் எங்கே வைப்பது, திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது வேளை தவறாமல் எப்படி விழுங்குவது, சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை ஏறினால் என்ன பொருள், கைம்பெண் உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது, பள்ளியில் பிள்ளையின் மருத்துவச் சான்றைக் கேட்டால் என்ன சொல்வது. இவை எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு. மருத்துவர் மருந்தைத் தருவார். அதை விழுங்கியபடியே ஒரு கூட்டுக்குடும்பத்தில் வாழ்வதை, அப்படி வாழ்ந்து காட்டிய ஒருத்திதான் சொல்லித்தர முடியும்.

சொற்களும் அங்கே மாறின. 'எய்ட்ஸ் நோயாளி' என்ற பெயர் போய், 'எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்' என்ற பெயர் நிலைத்தது. உயிர்க்கொல்லி என்று சுவர் சொல்ல, வாழ்வோர் என்று அப்பெண்கள் தம் பெயரிலேயே மறுமொழி எழுதினர். அரசின் இரத்தப் பரிசோதனை நிலையங்கள் இன்று தமிழகத்தில் 'நம்பிக்கை மையம்' என்று அழைக்கப்படுகின்றன. அச்சத்தின் அகராதி நம்பிக்கையின் அகராதியாக மாறியதில் இக்குழுக்களின் பங்கு பெரிது என்றே நாம் கருதுகிறோம்.

நம் மண்டபத்தில் எழுந்த கேள்வி

இதுவரை எழுதியதைப் படித்துவரும் அன்பர்கள், புள்ளிராஜாவின் மனைவிக்காக நாம் நன்றாகவே வாதாடினோம் என்று எண்ணக்கூடும். நாமும் ஒரு காலம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஒரு மாலை நேரத்து நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் முதல் நாளையொட்டி நம் பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் நடத்தினோம். அன்பியங்களிலிருந்தும் வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்தும் மக்கள் வந்திருந்தனர். தொற்றுடன் வாழும் பெண்களின் குழுவிலிருந்து இருவரை அழைத்திருந்தோம். இருவருள் ஒருவர் பேசினார். குடும்பம், சிகிச்சை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றித் தெளிவாகவே சொன்னார். பேச்சு முடிந்ததும் நம்முள் ஒருவர் எழுந்து, 'உங்களுக்கு இது எப்படி வந்தது என்று சொல்ல முடியுமா?' என்று கேட்டார். தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. எல்லோர் மனத்திலும் இருந்ததைத்தான் அவர் கேட்டார்.

'வீட்டுக்காரர் மூலமா' என்றார் அந்தப் பெண்.

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்ததை நாம் கேட்டோம். அது ஆறுதலின் மூச்சு. முகங்கள் இளகின. 'ஐயோ பாவம்' என்று பின்வரிசையில் ஒரு பாட்டி சொன்னார். அதன்பின் வந்த கேள்விகள் எல்லாம் கனிவானவை. கூட்டம் நன்றாக நடந்தது என்று நாம் மகிழ்ந்தோம்.

தேநீர் வேளையில், பேசாமல் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்ணிடம் சென்று, நீங்களும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாமே என்றோம். அவர் தேநீர்க் குவளையைப் பார்த்தபடியே, 'அந்தக் கேள்விய என்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன சொல்றது? அக்காவுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கு' என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி நமக்கு இல்லை என்பது அப்போது புரிந்தது. நம் இரக்கத்துக்கு ஒரு வாசல் இருந்தது; அந்த வாசலில் ஒரு சோதனைச் சாவடியும் இருந்தது. கணவன் வழியாக வந்தவளை உள்ளே விட்டோம். மற்றவளை உள்ளே விடுவோமா என்பதை நாம் சொல்லவேயில்லை. ஆனால் அவள் நம் பெருமூச்சிலிருந்தே விடையை அறிந்துகொண்டாள்.

1986-ஐ நினைவுகூர்தல்

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவுகூர வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான், ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. அப்பெண்கள் பாலியல் தொழிலில் இருந்ததற்காகப் பிடிக்கப்பட்டு அரசின் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள்.

மருத்துவ வரலாற்றில் அது அரிய சாதனை. அந்த மருத்துவர்களின் துணிவுக்கு நாடு கடமைப்பட்டுள்ளது. ஆனால் பொதுமனம் அச்செய்தியிலிருந்து எதைப் பிடித்துக்கொண்டது? நோய் அப்பெண்களிடமிருந்து வருகிறது என்பதைத்தான். அவர்களிடம் அது எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. அவர்களிடம் சென்ற ஆண்கள் அந்தக் கதையில் நிழலாகக்கூட இல்லை. புள்ளிராஜா பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகே பலகையில் தோன்றினான். அந்த ஆறு பெண்களின் காலத்திலும் அவன் இருக்கத்தான் செய்தான்.

பிறகு மனைவிமாரின் துயரம் வெளிவந்தபோது, அவர்களுக்காகப் பேசியவர்கள் ஒரு சொல்லைக் கைக்கொண்டனர். 'குற்றமற்றவர்கள்' என்பதே அச்சொல். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். நாமும் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் சொல்லுக்கு ஒரு நிழல் உண்டு. ஒருத்தியைக் குற்றமற்றவள் என்று சொல்லும்போதே, பக்கத்தில் இருப்பவளைக் குற்றவாளி என்று சொல்லிவிடுகிறோம். புள்ளிராஜாவின் மனைவிக்கு நாம் கட்டிய கோயிலின் கற்கள், அந்த ஆறு பெண்களின் மீது எறிந்த கற்களே என்பதை அந்த மாலைதான் நமக்குக் காட்டியது.

இக்குழுக்களில் நல்ல முறையில் நடப்பவற்றைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். புதிதாக வருபவளிடம், சாப்பிட்டாயா, மருந்து தொடங்கியாயிற்றா, பிள்ளைகளுக்குப் பரிசோதனை ஆயிற்றா, தங்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். எப்படி வந்தது என்று கேட்பதில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் அது குறையாகாது. ஆகவே பத்தினி என்று ஊர் போற்றியவளும் ஊர் தூற்றியவளும் ஒரே பாயில் அமர முடிகிறது. ஒருத்தியின் குழந்தையை மற்றவள் மடியில் வைத்துக்கொள்ள முடிகிறது. அந்த ஒரு கேள்வியைக் கேளாமையே அக்குழுவின் அடித்தளம் என்று நாம் துணிந்து சொல்வோம். சேமிப்பும் கடனும் ஆலோசனையும் அதன் மேல் எழும் சுவர்கள்.

குழுக்களின் குறைகள்

இவ்வளவு சொன்னதனால் அக்குழுக்களைக் குறையற்றவை என்று நாம் காட்ட விரும்பவில்லை. விமரிசனம் அவற்றுக்கும் பொருந்தும்.

முதற்குறை, சாட்சியம் கண்காட்சியாவது. கருத்தரங்குக்கு வந்து உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று அழைக்கிறார்கள், நாமும் அழைத்தோம். ஒரே கதையைப் பலமுறை சொல்லும்போது, எந்த இடத்தில் மண்டபம் அழும் என்பது சொல்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. துயரம் மெல்ல மெல்ல ஒரு பாத்திரமாகிறது. இதில் குற்றம் சொல்பவருடையதன்று. கதையைக் கூலியாகக் கேட்கும் நம்முடையது. சாத்திய கதவுக்குள் தன் தோழிக்காகச் சொன்ன சொல்லும், ஒலிபெருக்கி முன் அந்நியர்க்காகச் சொன்ன சொல்லும் ஒன்றல்ல.

இரண்டாவது, இக்குழுக்களில் பல, திட்டப்பணத்தை நம்பி நின்றவை. திட்டம் முடிந்தால் பயணப்படி நிற்கும். பயணப்படி நின்றால் மலையோரத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி வருபவள் வருவதற்கில்லை. மூன்றாவது, குழுவுக்கு வரக்கூடியவள் பெரும்பாலும் கைம்பெண். கணவன் உயிரோடிருந்து, இச்செய்தி வெளியே தெரியக் கூடாது என்று தடுக்கும் வீட்டிலிருந்து ஒருத்தி வருவது எளிதன்று. திருநங்கையர்க்கும் எல்லா வட்டங்களும் இடம் விட்டுவிட்டன என்று சொல்ல முடியாது. கேளாமை என்னும் விதி எழுதப்பட்டதால் மட்டும் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை மீண்டும் காக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய நிலை

காலம் பெரிதும் மாறிவிட்டது. 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அது தொடங்கிய முதல் மருத்துவமனைகளுள் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் நீண்ட காலம் வாழலாம் என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற உண்மை. சிகிச்சையால் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அவ்வாறே நிலைத்துவிட்டால், உடலுறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவுவதில்லை என்பதும் ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. சிகிச்சை இல்லாத நிலையில், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை இருந்தது. தக்க சிகிச்சையால் அதை 5-க்கும் கீழே கொண்டுவர முடிகிறது. 2017-இல் நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் வேற்றுமை காட்டுவதைத் தடை செய்கிறது. வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையையும் அது காக்கிறது. மாமியாரால் வெளியேற்றப்பட்ட மருமகளுக்காகச் சட்டம் பேசியது என்று இதைக் கொள்ளலாம்.

அப்படியானால் இக்குழுக்களின் தேவை முடிந்துவிட்டதா என்று ஓர் ஐயம் எழலாம். சாவுக்குத் துணையிருப்பதே அவற்றின் பணியாயிருந்திருந்தால் முடிந்திருக்கும். இன்று அங்கே பேசப்படுவது வேறு. தொற்றுடன் பிறந்த மகள் கல்லூரி விடுதியில் மாத்திரையை எப்படி விழுங்குவாள்? அவளுக்கு வரன் பார்க்கும்போது எதை, எப்போது, யாரிடம் சொல்வது? இருபது ஆண்டுகளாக மருந்து உண்டுவருபவள் முதுமையை எப்படி எதிர்கொள்வாள்? இக்கேள்விகளுக்கு மாத்திரை விடை சொல்லாது. சட்டமும் கதவு வரைதான் வரும். கதவுக்கு உள்ளே உட்கார்ந்து கேட்க ஒருத்தி வேண்டும்.

நிறைவாக

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரை வழியில் கண்ட சீடர்கள், இவருக்கு இந்நிலை வந்தது யார் செய்த பாவத்தால் என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியில் படித்திருக்கிறோம். சீடர்களும் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. நம் மண்டபத்தில் எழுந்து நின்ற அன்பரைப் போலவே அவர்களும் தெரிந்துகொள்ளத்தான் கேட்டனர். ஆண்டவர் அந்தக் கேள்வியின் இரு கிளைகளையும் ஏற்க மறுத்துவிட்டு, குனிந்து மண்ணைக் குழைத்தார். அவருக்குச் செய்ய வேலை இருந்தது.

எய்ட்ஸ் பற்றித் தமிழில் எழுதுவோர்க்கும் படமெடுப்போர்க்கும் மறையுரை ஆற்றுவோர்க்கும் இக்கட்டுரை ஒரு வேண்டுகோளை வைக்கிறது. 'எப்படி வந்தது' என்பதில் உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். புள்ளிராஜாவின் தவற்றிலும் தொடங்க வேண்டாம். அவன் மனைவியின் தூய்மையிலும் தொடங்க வேண்டாம். மருந்தை விழுங்கிவிட்டு விடியற்காலையில் அடுப்பு மூட்டும் ஒருத்தியிலிருந்து தொடங்குங்கள். அத்தகைய ஒரு படைப்பு தமிழில் வரவேண்டும். வந்தால் அது அந்தப் பாயிலிருந்துதான் வரும் என்று நம்புகிறோம்.

நமக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. வாரந்தோறும் ஏதேனும் ஒரு வீட்டில் கூடி, மெழுகுதிரி ஏற்றி, இறைவார்த்தையைப் படித்துப் பகிர்ந்துகொள்ளும் அன்பியங்களில் நாம் அனைவரும் இருக்கிறோம். அதுவும் ஒரு வட்டம்தான். அங்கும் பாய் விரிக்கிறோம். அந்த வட்டத்தில் தன் மாத்திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தி இருக்கலாம். அவள் வாய்திறக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. திறக்க நேர்ந்தால், நம் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி எதுவாக இருக்கும் என்பதை மட்டும் இப்போதே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

அன்று தேநீர்க் குவளையோடு இருந்த அந்தப் பெண்ணை அதன்பின் நாம் சந்திக்கவில்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இப்போது நமக்குத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவர் அருகில் உட்கார்ந்திருக்கலாம்.